அறுபது சீட்டில் ஓர் ஆவேசம்

கோபக்காரனாகப் பிழைப்பதற்குக் கணக்கு நன்றாக வர வேண்டும். இந்த ஞானத்தை எனக்கு அளித்தது எந்த மகானும் இல்லை. ‘ரா டீல்’ என்ற மல்யுத்தச் சீட்டு விளையாட்டு.

முதலில் என் சுபாவம். ஹோட்டலில் ஆறிப்போன காப்பி வந்தால், சர்வர் மனசு கஷ்டப்படுமே என்று ஊதி ஊதிக் குடிக்கிறவன் நான். டவுன் பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், கால் அங்கே இருந்ததற்காக. இப்பேர்ப்பட்டவன் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து, எதிராளியை மூச்சுவிட விடாமல் அடிக்கும் ஒரு சீட்டுக்கட்டைத் தயார் செய்தான் என்றால், அதற்குச் சரித்திரப் பின்னணி இருக்கத்தானே வேண்டும்?

எங்கள் வயதுக்காரர்களுக்கு அமெரிக்க மல்யுத்தம் அறிமுகமானது பாதி டிவியில், பாதி கடைசி பெஞ்சில். பெஞ்சில் நடந்தது டிரம்ப் கார்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்லர். கீழே உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. ஒருவன் ‘எடை’ என்பான். யாரிடம் அதிக எடையோ அவன் சீட்டுகளை வாரிக்கொள்வான். மூளைக்கு அங்கே வேலையே கிடையாது. யோகோசுனா கையில் வந்தால் ‘எடை’ என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

பிறகு 1999 வந்தது. 2000 பிறந்ததும் கணினிகள் குழம்பிவிடும் என்ற ஒய்டூகே பூச்சாண்டியைக் காட்டி எங்களைக் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். நான் இறங்கிய இடம் நியூ ஜெர்சியின் எடிசன். வருஷத்தின் இரண்டு இலக்கத்தை நான்காக்குவது என் தொழில். அதே ஆண்டு ஆகஸ்டில், ராக் என்ற மல்லர் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அரங்கில் ஒரு கவுன்ட்டவுன் கடிகாரம் ஓடி முடிய, கிறிஸ் ஜெரிகோ என்பவர் வந்து நின்று தன்னை ‘ஒய்டூஜே’ என்று அறிவித்துக்கொண்டார். 2000 ஜனவரி 1 விடிந்தது. எந்த விமானமும் விழவில்லை. ஒரே பிரச்சினையை நம்பிப் பிழைத்த இருவரில் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது; எனக்கு விசா நீட்டிப்புப் படிவம் கிடைத்தது.

அந்த 2000-ஆம் ஆண்டில்தான் காமிக் இமேஜஸ் நிறுவனம் ரா டீலை வெளியிட்டது. வடிவமைத்தவர் பாரன் வேங்கர் டோத். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துக் கடைவரிசையில், துணி வெளுக்கும் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவே ஒரு காமிக்ஸ் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே மடக்கு மேஜைகளைப் போட்டு ஆடுவார்கள். நானும் என் அறைத்தோழனும் துணி உலரும்வரை பொழுதைப் போக்க நுழைந்தோம். துணி உலர்ந்து, மடிப்புக் கலைந்து, கடைக்காரர் அதைக் கூடையில் தூக்கிப் போடும்வரை வெளியே வரவில்லை.

விளையாட்டின் சூட்சுமம் இதுதான். ஆளுக்கு ஒரு மல்லர், 60 சீட்டு. அந்தக் கட்டுக்கு ஆர்சனல் என்று பெயர். அதுதான் உங்கள் ஆயுதக் கிடங்கு, அதுதான் உங்கள் உடம்பும். எதிராளி 5 புள்ளி அடி அடித்தால், உங்கள் கட்டின் மேலிருந்து 5 சீட்டைப் புரட்டிக் குப்பையில் போட வேண்டும். புரட்டுவதற்குச் சீட்டே இல்லாமல் போனால் முதுகு தரையில், நடுவர் மூன்று எண்ணிவிட்டார் என்று அர்த்தம். ஆனால் புரளும் சீட்டுகளில் அந்த அடிக்குப் பொருத்தமான ‘ரிவர்ஸல்’, அதாவது தடுப்பு, ஒன்று வந்துவிட்டால் அடி அங்கேயே நிற்கும். அடித்தவன் முறையும் அதோடு முடிந்தது.

போதாக்குறைக்கு ‘ஃபார்ட்டிட்யூட்’ என்று ஒன்று. நீங்கள் ஏற்கெனவே அடித்து இறக்கிய அடிகளின் மொத்தம்தான் உங்கள் தெம்பு. பெரிய அடிக்கு அதிகத் தெம்பு வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஆளைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. முதலில் குத்தி, உதைத்து, படிப்படியாகப் பதவி உயர்வு பெற்றுத்தான் தூக்க வேண்டும். ஆவேசத்துக்கும் சீனியாரிட்டி உண்டு என்று தெரிந்தபோது, அரசாங்க உத்தியோகக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த விளையாட்டின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

மல்லரைத் தேர்ந்தெடுப்பது பெண் பார்ப்பதைவிடச் சிரமமாக இருந்தது. டிரிபிள் ஹெச்சுக்குத் தனித் திறமை எதுவும் கிடையாது. ஆரம்பத்திலேயே கையில் 10 சீட்டு, அதுவே திறமை. அண்டர்டேக்கர் கையிலிருந்து 2 சீட்டைத் தொலைத்துக் குப்பையிலிருந்து ஒன்றை மீட்பார். செத்துப் பிழைக்கிறவருக்குப் பொருத்தம்தான். மேன்கைண்டுக்குக் கையில் 2 சீட்டுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் 2 எடுப்பார், வாங்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு புள்ளி தள்ளுபடி. நான் எடுத்தது கேனை. அவர் முறை வரும்போதெல்லாம், அவர் விரலைக்கூட அசைக்காமல், எதிராளியின் கட்டிலிருந்து ஒரு சீட்டு தானாகக் குப்பைக்குப் போகும். மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கி நம் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் பிடிக்குமே, அதேதான். உலகத்தில் இதைவிடப் பெரிய வன்முறையை நான் கண்டதில்லை.

இனி கட்டு கட்டுவது. அறைத்தோழன் மதுரைப் பக்கம். அவன் சித்தாந்தம் எளிமையானது.

“அண்ணே, அடிக்கப் போற எடத்துல தடுப்பு எதுக்குண்ணே? அம்பத்தேழு அடி, மூணு நாற்காலி. வேற என்ன வேணும்?”

‘சேர் ஷாட்’ என்ற நாற்காலிச் சீட்டைத்தான் சொன்னான். எந்தச் சீட்டையும் பொதுவாக 3-க்கு மேல் வைக்க முடியாது என்ற விதி மட்டும் இல்லாவிட்டால் அறுபதும் நாற்காலியாகத்தான் இருந்திருக்கும்.

நான் அலுவலகக் கணினியில் ஒரு எக்செல் தாளைத் திறந்தேன். கட்டில் பொருந்தும் தடுப்பு 6 இருந்தால், 4 சீட்டு புரளும்போது ஒன்றாவது வர ஏறக்குறைய நூற்றுக்கு 35 வாய்ப்பு. 10 சீட்டு புரண்டால் 68. அதாவது எதிராளி எவ்வளவு ஓங்கி அடிக்கிறானோ அவ்வளவுக்கு அவன் தடுக்கி விழவும் வழி இருக்கிறது. தடுப்பே வைக்காதவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவன் கட்டு திறந்த குழாய். ஆகவே ஆக்ரோஷமான கட்டுக்கு முதல் தேவை, கொஞ்சம் ஆக்ரோஷத்தைக் குறைத்து அந்த இடத்தில் தடுப்பைச் செருகுவது. தாளை எட்டிப் பார்த்த மேனேஜர் ‘ரிஸ்க் அனாலிசிஸா, குட்’ என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்லவில்லை அவர்.

அடிகளிலும் கணக்கு இருந்தது. கேனின் சோக்ஸ்லாம், டூம்ஸ்டோன் பைல்டிரைவர் போன்ற பிரம்மாண்டங்களைக் குவிக்கத்தான் கை துடிக்கும். ஆனால் தெம்பு சேராமல் அவை கையில் வந்தால், கல்யாணத்துக்கு முந்தின வாரமே வந்து இறங்கிவிட்ட பெரிய மாமா மாதிரி மூலையில் உட்கார்ந்து இடத்தை அடைப்பதோடு சரி. எனவே அடித்தளம் முழுக்கச் சில்லறை அடிகள். சில்லறை என்றும் இலவசமில்லை. தலையால் முட்டும் ‘ஹெட் பட்’ வெற்றி பெற்றால் நம் கையிலிருந்து ஒரு சீட்டைத் தொலைக்க வேண்டும். ‘கிக்’ விட்டால் நம் கட்டிலிருந்தே ஒரு சீட்டு குப்பைக்கு. முட்டினால் நமக்கும் வலிக்கும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்த வடிவமைப்பாளரை மனசுக்குள் கும்பிட்டேன்.

கலவரமான கட்டுக்கு மிக உபயோகமாக இருந்த சீட்டுகளில் ஒன்றின் பெயர் ‘ஆஃபர் ஹேண்ட்ஷேக்’. கைகுலுக்க நீட்டினால் 3 சீட்டு வரை எடுக்கலாம், பிறகு ஒன்றை விட்டால் போதும். ஊரையே எரிக்கக் கிளம்பிய முகமூடிக்காரர் கேன் நடுநடுவே கைகுலுக்கிக்கொண்டே போவார். நம் தேர்தல் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா.

“என்னடா பண்ணிண்டிருக்கே?”

“சீட்டு விளையாடறேம்மா.”

“ஐயையோ! காசு வச்சா?”

“காசெல்லாம் வைக்கறதில்லைம்மா. சீட்டு வாங்கறதுக்குத்தான் காசு. பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது, வேணுங்கற சீட்டு வர்ற வரைக்கும் வாங்கணும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்போ தோத்தாலும் காசு போறது, ஜெயிச்சாலும் காசு போறதா?”

சேகரிப்புச் சீட்டு விளையாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

கடையில் எங்களுக்கு வாய்த்த எதிராளி பல்லுக்குக் கம்பி கட்டிய பதினான்கு வயசுப் பையன். அவன் மல்லர் மேன்கைண்ட். அறைத்தோழன் முதலில் இறங்கினான். அவன் அடித்தபோது அரங்கம் அதிர்ந்தது. பையன் திருப்பி அடித்தபோது இவன் கட்டிலிருந்து சீட்டுகள் தடையே இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தன. புரண்டதெல்லாம் அடிகள், அடிகள், ஒரு நாற்காலி, மறுபடி அடிகள். அவ்வளவு வீரமும் அடிக்கப்படாமலேயே குப்பைக்குப் போவதைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

அடுத்து நான். என் சில்லறை அடிகளை மேன்கைண்ட் ஒவ்வொரு புள்ளி கழித்துக்கொண்டு வாங்கினார். நான் ஒவ்வொரு அடிக்கும் “சாரி” சொன்னேன். பழக்க தோஷம். பையன் ஒவ்வொரு முறையும் “நோ பிராப்ளம், ட்யூட்” என்று சீட்டைப் புரட்டினான். கேன் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்காமல் முறைக்கு ஒரு சீட்டாகப் பிடித்தம் செய்துகொண்டிருந்தார். மேன்கைண்டின் தள்ளுபடி இதற்குச் செல்லாது. இது அடியே இல்லை, பிடித்தம். கடைசியில் சோக்ஸ்லாமை இறக்கினேன். பையனின் கட்டில் புரட்டச் சீட்டு இல்லை. “மேன், நீங்க ரொம்பக் கொடூரமான ஆளு!” என்றான் மரியாதையோடு. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான்.

இந்த மல்லர்களின் நிறுவனத்தையே பிற்பாடு வீழ்த்தியதும் முஷ்டி இல்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மூன்றெழுத்துக்காகக் காட்டுயிர் காக்கும் அமைப்பு ஒன்று, பாண்டாவைச் சின்னமாக வைத்திருப்பது, 1994-இல் போட்ட ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. 2002 மே மாதம் மல்லர்கள் எல்லாரும் பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டார்கள். அண்டர்டேக்கரும் ராக்கும் நிற்கிற படையை, மூங்கில் தின்னும் ஒரு பிராணி பத்திரத்தைக் காட்டியே சாய்த்துவிட்டது. அதுவும் கேன் கட்டுதான்.

கேன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நிஜப் பெயர் க்ளென் ஜேக்கப்ஸ். 1997 அக்டோபரில் செயின்ட் லூயிஸில் இரும்புக் கூண்டின் கதவைப் பிய்த்துக்கொண்டு நுழைந்து அண்டர்டேக்கரைத் தாக்கிய அந்த முகமூடிக்காரர், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஐசக் யாங்கெம் என்ற பெயரில் மல்யுத்தம் போடும் பல் டாக்டராக நடித்துக்கொண்டிருந்தவர். 2018-இல் டென்னசி மாநிலத்து நாக்ஸ் கவுன்ட்டியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 2022-இல் மறுபடியும். நரகத்து நெருப்பிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டவர் சாலை, குப்பை, வரி, பட்ஜெட் என்று கோப்பு பார்க்கப் போனார்.

செய்தியைப் படித்ததும் அறைத்தோழனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது டாலஸில் வீடு, இரண்டு பிள்ளைகள், கார் கடன் என்று இருக்கிறான். பதில் உடனே வந்தது: “அண்ணே, அந்த ஆளு அப்பவும் பிடித்தந்தானே பண்ணிக்கிட்டு இருந்தாரு?”