காலித் தீப்பெட்டி

கேள்வி: என் சொந்த இணையதளத்தில் இல்லாத பக்கத்தைத் தேடி வருகிறவர்களுக்கு மொட்டையாக '404' என்று காட்டுகிறது. நம்ம ஊர் வாசனையோடு வேடிக்கையாக ஏதாவது வைக்கலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: தீப்பெட்டி ஊரில் இருந்துகொண்டு யோசனைக்கு என்னிடம் வருகிறீர்களே! பழைய பாணியில் ஒரு தீப்பெட்டி லேபிள் வரையுங்கள், சேவலோ மயிலோ. விரலால் தள்ளினால் உள்பெட்டி திறக்க வேண்டும். உள்ளே ஒரு குச்சிகூட இருக்கக் கூடாது. 'கடைசிக் குச்சியை யாரோ பீடிக்கு வாங்கிப் போய்விட்டார்கள்' என்று கீழே ஒரு வரி. உங்கள் ஊர்க் கடலைமிட்டாய் படம் மட்டும் வேண்டாம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தைக் காட்டிவிட்டு 'இல்லை' என்றால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இணைய விதிப்படி, 4-இல் தொடங்கும் எண் வந்தால் பக்கத்தைக் கேட்டவரின் பிழை. 5-இல் தொடங்கினால் சர்வரின் பிழை. அதற்காக வந்தவரைத் திட்டிவிடாதீர்கள். பக்கத்தின் பெயரை மாற்றியது நீங்களாகவே இருக்கலாம்! முகப்புக்கு ஒரு வழி வையுங்கள். அந்த இணைப்பு சாய்கோட்டில் (/) தொடங்கட்டும். இல்லாவிட்டால் உள்ளடுக்கு முகவரிகளில் அதுவும் வழிதவறி, மறுபடி காலிப் பெட்டிக்கே கொண்டுவந்து விடும்.

முக்கியமாக, படம் எதுவானாலும் சர்வர் 404 என்ற எண்ணைத்தான் அனுப்ப வேண்டும். 'எல்லாம் சரி' என்று சொல்லும் 200-ஐ அனுப்பினால் காலிப் பெட்டியைச் சரக்கென்று தேடுபொறியின் தலையில் கட்டுகிறீர்கள்.

வேடிக்கைக்கென்றே 418 என்றும் ஓர் எண் உண்டு. தேநீர்க் கெண்டியிடம் காபி கேட்டால் வரவேண்டிய பதில்; 1998 ஏப்ரல் 1-இல் எழுதிவைத்தார்கள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அது செல்லாது. அங்கே இரண்டும் கிடைக்கும்.