குடியை விட விரும்புவோர் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் குடிக்க விரும்புகிறவனை அரசு தாங்குவதுபோல் வேறு யாரையும் தாங்குவதில்லை. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறும்; இரவு 10 மணிவரை சேவை தொடரும். ரேஷனில் பாமாயில் வராத மாதம் உண்டு. குவார்ட்டர் வராத மாதம் உண்டா? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், கடைகள் ஊருக்குள்ளேயே குடிவரப் பார்த்தன. மறித்த பெண்களில் ஒருவரைத் திருப்பூர் சாமளாபுரத்தில் காவல்துறை உயரதிகாரி கன்னத்தில் அறைந்ததை ஊரே டிவியில் பார்த்தது. வாடிக்கையாளர் நலனில் அவ்வளவு அக்கறை.

அதே வாடிக்கையாளர் ஒருநாள் குடியை விட நினைத்தால்? பாட்டில் லேபிளைப் படிக்கலாம். குடி உடல்நலத்துக்குக் கேடு என்று அரசே எச்சரித்திருக்கிறது. சரி, கெட்டுவிட்டது, இனி எங்கே போவது? அதைச் சொல்ல லேபிளில் இடம் போதவில்லை.

இடம் இருப்பது மின்கம்பத்தில். 'குடிப்பவருக்குத் தெரியாமலே பொடியை உணவில் கலந்து கொடுக்கலாம்' என்ற நோட்டீஸும் ஒரு செல்போன் எண்ணும். அந்தப் பொடியில் டைசல்ஃபிரம் போன்ற மருந்து இருந்து, அது உள்ளே போனபின் ஒருவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் பொறுப்புள்ள டாக்டர் அதை நோயாளிக்குச் சொல்லாமல் கொடுப்பதில்லை. பொடி விற்பவருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

அடுத்தது கோயில் கயிறு. அதற்கும் அசையாதவர்களுக்கு மாலை. இந்த மாநிலத்தில் குடிநீக்க மையத்தை வெற்றிகரமாக நடத்துகிறவர் ஐயப்பன் ஒருவர்தான். அதுவும் ஒரு மண்டலம் மட்டுமே. மாலையைக் கழற்றியதும் வரவேற்கக் கடை தயாராக இருக்கும்.

பணம் புரட்ட முடிந்த வீடுகளுக்கு 'மறுவாழ்வு மையம்'. ஆளை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவார்கள். சில இடங்களில் வைத்தியமே அடிதான். அங்கே உரிமம் இல்லை என்பது உள்ளே ஒருவர் செத்த பிறகுதான் அதிகாரிகளுக்குத் தெரியவரும். பல வருடக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். முதலில் வேண்டியது மருத்துவமனைக் கட்டில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வைத்தியமும் உண்டு. உண்டு என்பதை மட்டும் ரகசியமாகக் காப்பாற்றுகிறார்கள்.

இதையெல்லாம் தாண்டி ஒருவர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தைத் தேடுகிறார் என்று வையுங்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், தொடங்கியது. கட்டணமில்லை. சாதி, மதம், கட்சி கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. செலவுக்கு உறுப்பினர்களே ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். வெளியார் நன்கொடையை, அரசே நீட்டினாலும், வாங்குவதில்லை. யார் பெயரும் வெளியே போகாது. இதில் டெண்டர் இல்லை, கமிஷன் இல்லை, தலைவர் படம் ஒட்ட இடமில்லை. எந்தக் கட்சிக்கு இதன்மேல் ஆசை வரும்?

ஆகவே அவரே தேட வேண்டும். சர்ச்சுக்குப் பின்னாலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ, சாயங்காலத்தில் ஒரு மணி நேரம். விசாரித்தால் வாட்ச்மேன் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "குடிகாரங்க கூட்டமா சார்?" என்பார். சொந்த ஊரில் கூட்டம் இல்லையென்றால் பக்கத்து டவுனுக்கு பஸ். வழியில் கடைகள் உண்டு, தேட வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச்சாராயம் 60 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் அறிவித்தார்கள். குடித்துச் செத்தால் 10 லட்சம். குடிக்காமல் பிழைக்க நினைத்தால் பஸ் டிக்கெட் அவர் செலவு.

இந்த அலட்சியத்துக்குக் காரணம் மூளைக்கு எட்டாததல்ல. 140 ரூபாய் குவார்ட்டர் தினம் ஒன்று என்றால் வருடத்துக்கு 51,100 ரூபாய். பாட்டிலுக்கு மேலே பிடுங்கும் பத்து ரூபாய் தனி. அது யாருக்குப் போகிறது என்று கேட்டால் விற்பவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். குடிப்பவர் மனைவிக்கு மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000, வருடத்துக்கு 12,000. ஒரே வீட்டில் 51,100 எடுத்து 12,000 திருப்பிக் கொடுப்பதற்குத்தான் மேடையில் அத்தனை கைதட்டல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினோம் என்றார்கள். 5,329 கடைகள் 4,829 ஆயின. டாஸ்மாக் மூலம் வந்த வருமானமோ 2022-23இல் 44,121 கோடி, அடுத்த ஆண்டு 45,855 கோடி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு கடைச் சுவரிலும், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம், எந்தத் தெருவில் என்றைக்குக் கூட்டம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். கடைக்கு 300 ரூபாய் பெயின்ட் என்றாலும் மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டாது. அந்த 45,855 கோடியைக் கடை திறந்திருக்கும் நேரத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஒரு நிமிட வருமானம் போதும். எழுத மாட்டார்கள். படித்துவிட்டு நாலு பேர் நிஜமாகவே போய்விட்டால் யார் பதில் சொல்வது?