பக்கக்காற்று இலக்கணம்

கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று காற்று நான்கு வகைப்படும். இது தரையில் நிற்பவர் செய்த பகுப்பு. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஓடுபாதையை நெருங்கும் விமானிக்குக் காற்று மூன்றே வகை. எதிர்க்காற்று நண்பன், பின்காற்று பகைவன். பக்கக்காற்று பங்காளி. ஆராய்ச்சிக்குரியது பங்காளியே என்பதால் மற்ற இரண்டையும் விடுக்கிறோம்.

பக்கக்காற்றில் இறங்கும் முறை மூன்று.

முதலாவது நண்டு நடை. காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு, நடுக்கோட்டின் நீட்சியில் கோணலாகவே வருவது. முன்பக்க ஜன்னலோரப் பயணிக்குத் தன் ஜன்னல் வழியே ஓடுபாதை தெரியும். தெரியக்கூடாதது தெரிகிறதே என்று அவர் பதறுவார். பதற வேண்டாம், சரியாகத்தான் வருகிறது. வித்தை கடைசிச் சில விநாடிகளில் இருக்கிறது. தரை தொடுமுன் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். முந்தி மிதித்தால் காற்று ஓரத்துக்குத் தள்ளிவிடும். பிந்தினால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும்.

இரண்டாவது சாய்வு. காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கம் சுக்கான் கொடுத்து, ஒற்றைக் காலை முதலில் ஊன்றுவது. சிறு விமானங்களுக்குப் பொருந்தும். போயிங் 747 போல இறக்கைக்குக் கீழே இன்ஜின்கள் தொங்கும் விமானங்களை இஷ்டத்துக்குச் சாய்த்தால் இன்ஜின் தரையில் உரசும்.

மூன்றாவது, இரண்டும் கலந்தது. நடைமுறையில் மிகுதியும் நடப்பது இதுதான். ஆகவே, இலக்கண மரபுப்படி, இதற்கு இடம் குறைவு.

புறனடை: அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்துக்குச் சக்கரங்களையே திருப்பி வைக்கும் வசதி உண்டு. உடம்பு கோணலாகவும் ஓட்டம் நேராகவும் இறங்கும். வழக்கமான பயணிகள் விமானங்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

அற்றேல், எவ்வளவு காற்றுவரை இறங்கலாம் எனின், உரையாசிரியர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான். ஏ320 பயணிகள் விமானத்தின் கையேட்டில் 33 நாட், வீச்சில் 38 நாட் என்று ஓர் எண் இருந்தது. 38 நாட் என்பது மணிக்கு 70 கி.மீ. இதை வரம்பென்று கொள்வாரும் உளர். உண்மையில் அது சோதனைப் பறப்பின்போது கிடைத்த காற்றில் இறங்கிக் காட்டிய அளவு. அன்று காற்று இன்னும் கூடியிருந்தால் எண்ணும் கூடியிருக்கலாம்.

வரம்புக்கும் காட்டிய அளவுக்கும் உள்ள இந்த வேறுபாடு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சோதிக்கப்பட்டது. 2008 மார்ச் 1, எம்மா புயல். லுஃப்தான்சா ஏ320 ஒன்று ஓடுபாதை 23-க்கு, அதாவது 230 பாகைத் திசை நோக்கி இறங்குகிறது. கோபுரம் சொன்ன காற்று 290 பாகையிலிருந்து 29 நாட், வீச்சில் 47. இடைக்கோணம் 60 பாகை. கணக்குப் போட்டால் பக்கவாட்டுப் பங்கு சுமார் 41 நாட். இறங்கினார்கள். ஒரு பக்கச் சக்கரம் தொட்டதுமே கணினி 'தரைக்கு வந்தாயிற்று' என்று முடிவுகட்டி, விமானத்தைச் சாய்த்து நிமிர்த்தும் விசையைப் பாதியாகக் குறைத்தது. கையேட்டில் இந்தச் செய்தி இல்லை. இடது இறக்கை நுனி தரையில் உரசியது. விமானத்தை மேலே தூக்கிச் சென்று, பின்னர் ஓடுபாதை 33-ல் இறக்கினார்கள். அதே காற்று அங்கே அடித்திருந்தால் பக்கப் பங்கு சுமார் 30 நாட்தான்.

இதன் வீடியோ உலகம் சுற்றியது, விமானிகள் வீரர்களானார்கள். ஜெர்மனியின் விமான விபத்து விசாரணை அமைப்பு அவ்வளவு உணர்ச்சிவசப்படவில்லை. 47 என்ற எண் காதில் விழுந்தபோதே மேலே திரும்பியிருப்பது நியாயமாக இருந்திருக்கும் என்றது. 'காட்டிய அளவு' என்பதற்கு என்ன பொருள் என்று கையேடுகள் விளக்கவில்லை என்றும் குறித்தது. கைத்திறமை தரையருகே காப்பாற்றியதை, காதும் கணக்கும் சில நிமிடம் முன்பே காப்பாற்றியிருக்கலாம்.

ஒழிபு: மேற்கூறிய மூன்றிலும் அடங்காத நான்காவது முறை, இறங்காமை. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில், சென்னையில் இண்டிகோ விமானம் ஒன்று ஓடுபாதைமேல் தடுமாறி மீண்டும் எழுந்ததைத் தமிழ்நாடே போனில் பார்த்தது. 'தப்பித்தது' என்று தலைப்பிட்டார்கள். விமானி செய்தது பயிற்சியில் பலமுறை செய்து பார்க்கும் வேலை.

பயணிகளும் இருவகைப்படுவர். மெத்தென்று இறங்கினால் கைதட்டுவோர் ஒருவகை. 'தொம்' என்று இறங்கினால் முகம் சுளிப்போர் மற்றொரு வகை. அளவுகோல் ஒன்றே, அதுவும் பிழை. நனைந்த ஓடுபாதையில் அழுத்தமாக இறங்குவதே முறை. மெத்தென்று இறக்கப் பார்த்தால் விமானம் மிதந்துகொண்டே போகும், பங்காளி அதற்குள் தள்ளிவிடுவான்.

முறை நான்கனுள் தலையாயது நான்காவதே என்பது நம் துணிபு. திரும்பி மேலே போனதற்காக விமானியைக் குற்றம் சொல்வதில்லை என்பதைப் பல நிறுவனங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. அரை மணி தாமதத்துக்காகப் பயணிகளும் சொல்லாதிருக்கக் கடவர்.