தேயிலை போச்சு, மாப்பிள்ளை நிக்கிறான்

என்னப்பு, சோறு தண்ணி எறங்கலையாமே? காதலு. இருக்கட்டும், யாரு வேணாங்குறா?

ஒன் ஆளு சீமையில வயசானவுகளப் பாத்துக்குற வேலைக்குப் போயிருக்கு. தாலியக் கட்டிட்டுக் கூடவே பறந்துரலாம்னு நீ கணக்குப் போட்ட. 2024 மார்ச் 11-லருந்து அந்த வேலைக்குப் புதுசாப் போனவுக புருசன் புள்ளையக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னுட்டாய்ங்க. அவிங்க தாத்தனுக்குக் கஞ்சி ஊத்த நம்ம வீட்டுப் பிள்ளை வேணுமாம், அவ புருசன் மட்டும் ஆகாதாம். என்னத்தச் சொல்ல?

ஒரு காலத்துல மூணாத்துத் தேயிலையெல்லாம் நம்ம குரங்கணி வழியாத்தேன் எறங்குச்சு. டாப் ஸ்டேஷன்ல ரோப்புல மாட்டி விட்டா இங்க வந்து நிக்கும். இங்கிட்டிருந்து மாட்டு வண்டியில போடி, அப்புறம் கப்பலேறிச் சீமை. அந்தப் பெட்டிகிட்ட எவனாவது விசா கேட்டானா? தேயிலை போகலாம், தேயிலை சொமந்தவன் பேரன் போகக் கூடாது.

சரி, அவ அங்கயே குடியுரிமை வாங்கிட்டா? அப்பயும் ஒன்னக் கூப்பிட வருசத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்டணும். 2024 ஏப்ரலுக்கு முந்தி 18,600-தேன். இதுக்கு ஏண்டா குதிக்கிற? மலையில எத்தன ஏக்கரு ஏலம், தொழுவத்துல எத்தன மாடுன்னு எண்ணிப் பாத்துட்டுத்தேன் எம் மாமனாரு எனக்கு வெத்தல பாக்கு மாத்துனாரு. ஒரே வித்தியாசம், அங்க பொண்ணு சம்பளத்தப் பாக்குறாய்ங்க. ஒன் சம்பளத்தக் கேக்கல. அதுவும் நல்லதுக்குத்தேன்.

காதலு நெசந்தானான்னு வேற சலிப்பாய்ங்க, போடியில 8 மில்லி ஏலக்காயத் தனியாச் சல்லடையில பிரிக்கிற மாதிரி. போட்டோவக் குடு, பேசுனதக் குடும்பாய்ங்க. ஒன் போன எட்டிப் பாத்தேன். "சாப்ட்டியா?" "ம்." "நீ?" "ம்." பக்கம் பக்கமா இதுதேன். படிக்கிற ஆபீசரு, இது காதலா மெஸ்ஸுக் கணக்கான்னு மண்டையச் சொறிவான்.

அமெரிக்காக்காரன் இன்னொரு தினுசு. கட்டிக்கப் போறவளுக்கு விசா குடுப்பான், எறங்குன 90 நாளைக்குள்ள கல்யாணத்த முடிக்கணும். நடுவுல ஆடி வந்தா? மனுப் போடுறதுக்கு முந்துன 2 வருசத்துல ஒருக்காவாவது நேர்ல பாத்திருக்கணுமாம். நான் ஒங்கப்பத்தாவ மணவறையிலதேன் மொத மொதப் பாத்தேன். அந்த ரூலுப்படி நாங்க ஃபெயிலு.

கொரோனா வருசம், 2020 ஜூன்ல, சின்னார் செக்போஸ்ட்டுல நடுரோட்டுல தாலி கட்டுனாய்ங்களே, தெரியுமா? மாப்பிள்ளை கோயமுத்தூரு, பொண்ணு மூணாறு. எல்லையத் தாண்டுனா தனிமைப்படுத்துவாய்ங்கன்னு ரோட்டுலயே முடிச்சுட்டாய்ங்க. அதுகளுக்கு ரோடாச்சும் இருந்துச்சு. ஒனக்கு நடுவுல கடலு.

அதனால மொதல்ல அந்தப் பிள்ளையத் தூங்க விடு. நீ காலையில இட்லித் தட்டோட வீடியோ போடுறப்ப அங்க சாமம் மூணு மணி. எவுக வீட்டுப் பெருசையோ தூக்கிக் குளிப்பாட்டி இடுப்பொடிஞ்சு படுத்திருக்கும். "ஏன் சிரிக்க மாட்டேங்குற"ன்னு கேக்குறியாக்கும்? லீவுல வரட்டும், முகூர்த்தம் நான் பாக்குறேன். அதுவரைக்கும் சும்மாதான இருக்க? மலையில காய் பறிக்க ஆளில்லன்னு கத்திக்கிட்டுக் கெடக்காய்ங்க. நாளைக்கு வெள்ளன கெளம்பு. கல்யாணச் செலவுக்காச்சும் ஆகும்ல?