கோப்பை வரட்டும், பிறகு பார்க்கலாம்

பெரிய பதவிக்கு ஆசைப்படும் இளைஞர்கள் ஸ்டான் போமனின் வாழ்க்கையைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். பெயரிலேயே ராசி இருக்கிறது. 1973 மே மாதம் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை மான்ட்ரியல் அணி வென்றது. அதற்குப் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். இந்த விளையாட்டில் அவரைவிட அதிக ஆட்டம் ஜெயித்த பயிற்சியாளர் இன்றுவரை இல்லை. அடுத்த மாதம் மகன் பிறந்தான். குலசாமி பெயரை வைப்பதுபோல அவனுக்குக் கோப்பையின் பெயரையே வைத்தார்கள்.

பிள்ளை கல்லூரி முடித்து 2001-இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியின் நிர்வாகத்தில் சேர்ந்தான். 2009 ஜூலையில், 36 வயதில், ஜெனரல் மேனேஜர். அந்த நாற்காலி எப்படிக் காலியானது என்பது முக்கியம். முந்தைய மேனேஜர் டேல் டேலனின் காலத்தில், ஒப்பந்தம் முடியும் வீரர்களுக்கு அனுப்பவேண்டிய கடிதங்கள் கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்தன. இரண்டே வாரத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். தபால் தாமதமானால் தலை உருளும் கண்டிப்பான நிறுவனம் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2010 மே 23. சிகாகோ அணி சான் ஹோசேயை வீழ்த்தி இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. 49 வருடமாகக் கோப்பையைக் கண்ணால் பார்க்காத ஊர். வெளியே கொண்டாட்டம், உள்ளே ஓர் அறையில் ஏழு பேர். தலைவர் ஜான் மெக்டனா, ஜெனரல் மேனேஜர் போமன், உதவி மேனேஜர் கெவின் செவல்டயாஃப், பயிற்சியாளர் ஜோயல் குவென்வில், இன்னும் மூவர். அணியின் வீடியோ பயிற்சியாளர் பிராட் ஆல்ட்ரிச், ஓர் இளம் வீரரிடம் அவர் விருப்பத்துக்கு மாறாகப் பாலியல் ரீதியில் நெருங்கினார் என்ற புகார் அங்கே வந்தது. வீரருக்கு வயது 20. பிளேஆஃப் சமயத்தில் கூடவே வைத்துப் பயிற்சி கொடுக்கும் உபரி ஆட்டக்காரர்களில் ஒருவர்.

அணி நிர்வாகத்தின் சொந்த விதிப்படி உடனே விசாரித்திருக்க வேண்டும். பயிற்சியாளர் என்ன சொன்னார் என்பதைப் பின்னாளில் விசாரணையாளர்களிடம் போமனே நினைவுகூர்ந்திருக்கிறார்: இவ்வளவு தூரம் வரப் பட்ட பாடு கொஞ்சமல்ல, இந்த விவகாரத்தை இப்போது கையில் எடுக்க முடியாது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் தலைவர். சரி என்று எழுந்து போனார்கள். தலைவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இது: மனிதவளத் துறைக்கு விஷயம் போனது ஜூன் 14. நடுவே 22 நாள். அதற்குள் ஜூன் 9-ஆம் தேதி பிலடெல்பியாவில் ஓவர்டைம் கோல் அடித்துக் கோப்பையை வாங்கியாகிவிட்டது. அந்த 22 நாளும் ஆல்ட்ரிச் அணியோடுதான் பயணம் செய்தார், அணியோடுதான் குடித்தார். கோப்பை கிடைத்த மறுநாளே 22 வயது பயிற்சி ஊழியர் ஒருவரிடமும் அத்துமீறினார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

பிறகாவது நீதி நடந்ததா? நடந்ததே! விசாரணையைச் சந்திக்கிறாயா, ராஜினாமா செய்கிறாயா என்று அவரிடமே விட்டார்கள். இப்படி ஒரு கேள்வித்தாள் கிடைத்தால் யார்தான் தோற்பார்கள்? ராஜினாமா செய்தார். விலகியதற்கான பணமும் பிளேஆஃப் போனஸும் கிடைத்தன. மோதிரம் கிடைத்தது. கோப்பையைச் சொந்த ஊரான மிச்சிகனின் ஹௌட்டனுக்கு ஒருநாள் கொண்டுபோய்க் கொண்டாடினார். கோப்பையில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் அடுத்த வேலைகளுக்குப் போனார். அப்படிப் போன இடங்களில் ஒன்று ஹௌட்டன் உயர்நிலைப் பள்ளியின் ஹாக்கி அணி. அங்கே 2013-இல் 16 வயது மாணவன் ஒருவனிடம் செய்த பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார். அந்தப் பையனுக்கு நேர்ந்ததற்கும் சிகாகோவில் ஏழு பேர் எழுந்து போனதற்கும் நடுவே மூன்று வருடமும் ஒரு மௌனமும்தான் இருந்தன.

போமனுக்கு அந்த வருடங்கள் பொற்காலம். 2013-இல் இன்னொரு கோப்பை, 2015-இல் மூன்றாவது. சம்பள உச்சவரம்புக்குள் நட்சத்திரங்களை அடக்கத் தெரிந்த மேதை என்றார்கள். உண்மைதான். எந்த வீரனுக்கு எத்தனை டாலர், யார் முழங்காலில் என்ன வலி, எவன் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ‘அந்தப் பையன் விஷயம் என்ன ஆயிற்று?’ என்ற மூன்று நொடிக் கேள்வி மட்டும் பதினோரு வருடத்தில் வாய்க்கு வரவில்லை. மேலதிகாரி கவனித்துக்கொள்வார் என்று நம்பினேன் என்றார். மேலதிகாரியை நம்புவது நல்ல குணம். கடிதம் கெடு தாண்டியபோது டேலனும் யாரையோ நம்பித்தான் இருந்திருப்பார்; பாவம், அவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

2021-இல் அந்த வீரர் பெயரை மறைத்து வழக்குப் போட்டார். புகாரில் சாரமில்லை என்றது அணி நிர்வாகம். காலக்கெடு கடந்துவிட்டது, தள்ளுபடி செய்யுங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டது. கெடுவைப் பற்றிப் பேச இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஊரே பேசத் தொடங்கிய பிறகுதான் வெளியாரை வைத்து விசாரித்தார்கள். 139 பேரைக் கேட்டு 107 பக்க அறிக்கை அக்டோபர் 26-இல் வந்தது. அன்றே போமன் பதவி விலகினார். அமெரிக்க ஒலிம்பிக் அணியின் மேனேஜர் பொறுப்பையும் விட்டார். மறுநாள் கைல் பீச் தொலைக்காட்சியில் முகத்தைக் காட்டி, அந்த வீரர் நான்தான் என்றார். ஆல்ட்ரிச் கோப்பையைத் தூக்கிக் கொண்டாடுவதைப் பார்த்தபோது, தான் ஒன்றுமே இல்லாதவன் என்று உணர்ந்ததாகச் சொன்னார். ஹௌட்டன் மாணவனிடம் அவர் மன்னிப்பும் கேட்டார். ஆம், பாதிக்கப்பட்டவர்தான் கேட்டார்! 2010-இலேயே புகாரை வாய்விட்டுச் சொன்னவர், தான் இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்று அழுதார். அறையில் இருந்த ஏழு பேரின் கடன் அவர் தலையில் ஏறியிருந்தது.

இந்த அணிகள் ஆடும் என்.எச்.எல். லீக் சும்மா இருக்குமா? பிளாக்ஹாக்ஸுக்கு 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2010-இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி ஒரு வீரரின் ஒப்பந்தத்தில் சம்பள உச்சவரம்பை ஏய்க்கப் பார்த்ததற்கு விதித்தது 30 லட்சம் டாலர். இரண்டும் வேறு வேறு சங்கதி என்று ஆணையர் கேரி பெட்மன் விளக்கினார். எங்களுக்கும் புரிகிறது. ஒன்று கணக்கு, கணக்கில் கைவைத்தால் பொறுக்க மாட்டார்கள்.

பெயரை அழிக்கவும் செய்தார்கள். கோப்பையில் ஆல்ட்ரிச் பெயர்மேல் வரிசையாக எக்ஸ் அடித்தார்கள். முன்பும் ஒருமுறை அப்படி அடித்திருக்கிறார்கள்: 1984-இல் வென்ற எட்மன்டன் ஆயிலர்ஸின் முதலாளி, அணிக்குச் சம்பந்தமே இல்லாத தன் அப்பா பெயரைப் பொறித்துவிட்டார், அதன்மேல். அப்பா மேல் வைத்த பாசத்துக்கும் இதற்கும் ஒரே தண்டனை.

அந்த எட்மன்டன்தான் நம் கதாநாயகனின் அடுத்த ஊர். மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவான வனவாசம் முடிந்து, 2024 ஜூலை 1-இல் போமன், குவென்வில் உள்ளிட்ட மூவர் லீக்கில் வேலை பார்க்க இருந்த தடையை லீக் நீக்கியது. உண்மையாக வருந்துகிறார்கள், பொறுப்பை உணர்ந்துவிட்டார்கள் என்று சான்றிதழும் கொடுத்தது. வருத்தத்தை எந்தத் தராசில் நிறுத்தார்கள், எடைக்கல்லை யார் கொடுத்தார்கள் என்று கேட்கக்கூடாது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஆயிலர்ஸ் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருந்தது. கோப்பைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு வெற்றி. ஜூலை 24-இல் போமனை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்கள். அன்று ஒரு புகார் மனிதவளத் துறைக்குப் போக 22 நாள். இன்று ஒரு வருத்தம் வேலையாக மாற 23 நாள். மூன்று கோப்பை வைத்திருப்பவரின் வருத்தம் என்றால் அதற்குச் சந்தையில் தனி விலை.

இரண்டாவது வாய்ப்பு கொடுப்பது நல்லதுதானே என்று சில நல்ல மனிதர்கள் கேட்கிறார்கள். கொடுங்கள் ஐயா, தாராளமாகக் கொடுங்கள். அன்று இன்னும் செய்திருக்க வேண்டும் என்று போமனும் ஒத்துக்கொண்டார். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் உலகத்தில் ஹாக்கிக்கு வெளியேயும் வேலைகள் இருக்கின்றன. லீக்கில் மொத்தம் 32 மேனேஜர் நாற்காலிதான். அதில் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒருவரை மனிதராக்க முடியும் என்றால், அந்த 107 பக்கத்தை எதற்கு அச்சடித்தீர்கள்?

2025 மே மாதம் குவென்வில் அனஹைம் டக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். செவல்டயாஃப் அந்த அறையில் சின்ன அதிகாரி என்று பெட்மன் விட்டுவிட்டதால், பின்னர் போய் அமர்ந்திருந்த வின்னிபெக் அணியின் மேனேஜர் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2008-இல் 11-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட கைல் பீச், அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.