கருத்துப் பொறந்த மாணிக்கம்

வா மாப்ளே, உக்காரு. உங்கப்பாரோட சாணைச் சக்கரத்தைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, மொட்டைமாடி வெயில்ல காயப் போட்டிருக்கறயாமா? அத்தை சொல்லிச் சிரிச்சாள். நான் சிரிக்கலை. படிச்சவன் செஞ்சா ஏதாச்சும் காரணம் இருக்குமல்லோ?

மொதல்ல அதை நெழலுக்குத் தூக்கிட்டு ஓடு. நீ நெனைக்கற மாதிரி அது வெட்டியெடுத்த கல்லு இல்லை. குருந்தக்கல்லை இடிச்சுச் சலிச்சு, உருக்குன அரக்குல போட்டுப் பிசைஞ்சு, வட்டமாத் தட்டுன அடை. அரக்குக்கு வெயிலும் ஆகாது, வெந்நியும் ஆகாது. இன்னும் ரெண்டு நாள் காய விட்டயின்னா அப்பளமா நெளிஞ்சுக்கும். அப்பறம் செவுத்துல மாட்டிப் போட்டோ எடுத்துக்கலாம்.

கருப்பா இருக்குதுன்னு தேச்சயாக்கும்? அது அழுக்கு இல்லீடா, ஒடம்பு. குருந்தத்தோட வம்சம் தெரியுமா உனக்கு? செவந்து பொறந்தா மாணிக்கம், நீலமாப் பொறந்தா நீலக்கல்லு, மங்கிப் பொறந்தா சாணை. மொத ரெண்டும் மோதரத்துல சொகமா உக்காந்துக்குது. மூணாவதுதான் கொடுவாளோட மல்லுக்கட்டுது. உங்கூட்டுல நீ மெட்ராசுல ஏசியில, உங்கண்ணன் காட்டுல, அந்த மாதிரி. காங்கேயம், கரூர்ப் பக்கமெல்லாம் கெடைக்கற கல்லு, கெட்டியில வைரத்துக்கு அடுத்தபடி. வெள்ளைக்காரன் வேற பேரு கெடைக்காம நம்ம குருந்தத்தையே ‘கொரண்டம்’னு கொண்டுபோயிட்டான். 1891-ல அமெரிக்காவுல அச்சிசன்னு ஒருத்தர் அடுப்புல புதுசா ஒண்ணை உண்டாக்கிக் ‘கார்போரண்டம்’னு பேரு வெச்சாரு. அதுக்கும் நம்ம குருந்தந்தான் வாலு. பேரன் போன்ல படிச்சுக் காட்டுனான்.

சரி, வெளிம்புல பள்ளம் கெடக்குது பாரு, அதுதான் நோவு. தொட்டிக்கரியைக் கனிய விட்டு, தள்ளிப் புடிச்சு அனலை மட்டும் காட்டு. அரக்கு எளகுனதும், அரக்கும் குருந்தப் பொடியும் சேத்து உருட்டுன உருண்டையைப் பள்ளத்துல வெச்சு அழுத்தி, மட்டமான பலகையில உருட்டு. அவசரப்பட்டுக் கிட்டக் கொண்டுபோனா, சக்கரம் போயி பொகைதான் மிஞ்சும். அச்சு ஆடுச்சுன்னா அச்சை மாத்து. அச்சு உக்கார்ற குழிக்கு ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய் போதும். வெளிம்புல எண்ணெய் பட்டுச்சுன்னா கத்தி வழுக்கிட்டுப் போயிரும்.

என்னது, மோட்டார் மாட்டறயா? நிமிசத்துக்கு 1440 சுத்தா? பேஷ். அந்தச் சூட்டுல அரக்கு எளகி, குருந்தம் பிச்சுக்கிட்டு உம்பட மூஞ்சிக்கு நேரா வரும். மாணிக்கத்தோட பங்காளி மூஞ்சியில பட்டா அதிர்ஷ்டமான்னு ஜோசியன்கிட்டத்தான் கேக்கோணும். அந்தக் காலத்துல அச்சுல வாரைச் சுத்தி ஒருத்தர் முன்னயும் பின்னயுமா இழுப்பாங்க, இன்னொருத்தர் கத்தி புடிப்பாங்க. உங்கப்பாரு புடிப்பாரு, அப்பத்தா இழுக்கும். ரெண்டு பேரும் பேசிக்காத நாள்லகூட சக்கரம் நிக்கலை. நீ கல்யாணம் வேண்டாங்கறயே, வாரை யாரு இழுக்கறது?

செரி செரி, மொறைக்காதே. இன்னிக்கு ஒரு நாளைக்கு நானே இழுக்கறேன். துண்டுக்குள்ள என்னன்னு கேக்கறயா? ஒண்ணுமில்லை, ஒரு கொடுவாளு. அப்பறம் அத்தையோட அருவாமணை, பாக்குவெட்டி. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ரெண்டு அருவா குடுத்து வுட்டிருக்காரு. கூலி மட்டும் கேட்டறாதே.