கிழங்கு கூடிப்போச்சு

“அண்ணன், கட்டுரை நல்லா வந்திருக்கு. ஆனா அதுக்குள்ள உங்களக் காணல்ல.”

போன செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய தீர்ப்பு இது. சஞ்சிகை நடத்துகிறார். உலக சினிமா சிறப்பிதழ் போடப்போகிறார். ஹங்கேரிக்காரர் பேலா தாரின் ‘டுரின் குதிரை’ பற்றி ஆறு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குள் நான் ஏன் இருக்கவேண்டும்? நான் ஹங்கேரிக்குப் போனதில்லை. குதிரை வளர்த்ததுமில்லை. பதிவின் கடைசி வசனத்தில்தான் விஷயம் இருந்தது: “நீங்க சம்பூர் ஆள்தானே அண்ணன், அதக் கொஞ்சம் விரிச்சா நல்லம்.”

அன்றிலிருந்து தேத்தண்ணி கசக்கிறது.

அவரை மட்டும் குறைசொல்லவும் முடியாது. இந்த வியாதியை ஊட்டி வளர்த்தவர்கள் நாம்தான். மஜித் மஜிதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ பற்றித் தமிழில் எழுதிய ஒருவராவது சின்ன வயதில் செருப்புப் போட்டிருக்கிறாரா? தேடிப் பாருங்கள். டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ 1948இல் வந்தது. அதற்கு விமர்சனம் எழுதப் புகுந்த எவருடைய சைக்கிளும் அதற்குப் பிறகு பத்திரமாக வீட்டில் நின்றதில்லை. என்னுடையதும்தான். மூதூரில் என் லுமாலா களவுபோனதையும் நான் கடை கடையாக ஏறி இறங்கியதையும் எட்டு வருஷத்துக்கு முன் உருகி எழுதினேன். வாசித்துவிட்டு ஒரு அம்மா அழுது கடிதம் போட்டார். உண்மையில் அந்தச் சைக்கிளை விற்றவன் நான். வாங்கியவர் அதில்தான் மீன் கொண்டுவருகிறார். கிழமைக்கு இரண்டு நாள் என் படலையடியில் மணி அடிக்கும். நான் உள்ளே போய்விடுவேன். மனைவிதான் மீன் வாங்குவாள்.

2015 மே மாதம் கான் விழாவில் ‘தீபன்’ தங்கப் பனை வாங்கியபோதும் இதே கூத்துத்தான். எடுத்தவர் ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சுக்காரர், நடித்தவர் எங்கட ஷோபாசக்தி. அந்தப் புளுகம் எனக்கும் இருந்தது. ஆனால் போன் எடுத்த ஒருவரும் படம் எப்படி என்று கேட்கவில்லை. “பாக்கக்குள்ள உங்களுக்கு எப்பிடி இருந்திச்சு?” என்றார்கள், செத்தவீட்டுக் குரலில். நான் அப்போது படத்தைப் பார்க்கவே இல்லை. 2006 ஏப்ரலில் விட்டுவந்த ஊரில் கொஞ்சக் காணியை அந்த வருஷம்தான் திருப்பித் தந்திருந்தார்கள். அங்கே ஒருவர் தங்கப் பனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே நான் என் வளவில் பனை நின்ற இடம் எதுவென்று காலால் கிளறிக்கொண்டு நின்றேன்.

இதை எழுதியிருக்கக் கூடாது. தம்பி கண்டால் இதைத்தானே கேட்டேன் என்பார்.

படத்துக்கு வருகிறேன். 1889 ஜனவரி 3ஆம் தேதி டுரின் நகரத்தில் வண்டிக்காரன் ஒருவன் குதிரையை அடித்தானாம். தத்துவ அறிஞர் நீட்சே ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாராம். அதோடு அவருக்குப் புத்தி பேதலித்தது. அந்தக் குதிரைக்கு என்ன நடந்தது என்பதுதான் படம். ஒரு கிழவர், மகள், குதிரை, கிணறு, ஓயாத காற்று, ஆறு நாள். இரண்டரை மணி நேரப் படத்தை முப்பது ஷொட்டில் முடித்திருக்கிறார்கள். 2011இல் இதை வெளியிட்டுவிட்டு, இனிப் படம் எடுப்பதில்லை என்று பேலா தார் அறிவித்தார். “நானும் இனிப் படம் பாக்கிறல்ல” என்றாள் மனைவி.

அவளும்தான் கூட இருந்து பார்த்தாள். வெளியே கச்சான் காற்று, திரையிலும் காற்று, மடியில் வறுத்த கச்சான். குதிரை தீன் தின்ன மறுத்ததுமே அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள்: “அதுக்கு என்ன வருத்தம்? மாட்டு டொக்டரக் கூப்பிடலாமே?”

அந்த வீட்டில் சாப்பாடு என்றால் கிழங்கு. ஒரு வேளைக்கு ஆளுக்கு ஒரு உருளைக்கிழங்கு, அவித்தது. கிழவருக்கு வலதுகை விளங்காது. ஆவி பறக்கிற கிழங்கை இடதுகையால் பிய்த்து, தோலை உரித்து, ஊதி ஊதி, உப்புத் தொட்டு அவக் அவக்கென்று விழுங்குவார். அதை அடியிலிருந்து நுனிவரை காட்டுகிறார்கள். அடுத்த நாளும் கிழங்கு. கமரா மட்டும் இடம் மாறியிருக்கிறது. “சம்பல் இல்லியா?” என்றாள் மனைவி. அதற்கடுத்த நாள், “ஒரு பச்சமிளகாய் கூடவா இல்ல?” கட்டச்சம்பல் இடிக்கத் தெரியாத ஊரில் காற்று அடிக்காமல் என்ன செய்யும் என்பது அவள் முடிவு.

எனக்கோ அந்தக் கிழங்கு மண்டைக்குள் ஏறிவிட்டது. விமர்சகன் என்றால் சோதித்துப் பார்த்துத்தான் எழுதவேண்டும். மறுநாள் காலை நாலு கிழங்கு அவித்து, துவாயால் வலதுகையை உடம்போடு கட்டிக்கொண்டு குசினி வாங்கில் குந்தினேன். கண்டவற்றைச் சொல்கிறேன். சூட்டுக் கிழங்கின் தோலை நினைத்த இடத்தில் கிள்ளித் தொடங்க முடியாது. அவிந்து வெடித்த வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும். கட்டைவிரல் நகத்துக்குள் மா ஏறினால் தேள் கொட்டின மாதிரி. வெலிமடைக் கிழங்கு ஒரு கைப்பிடியில் உதிர்ந்து மடியெல்லாம் கொட்டுகிறது. கப்பலில் வந்த கிழங்கு சவர்க்காரக் கட்டி போல விரலுக்குள் நிற்காமல் வழுக்கி ஓடுகிறது. ஒன்று வாங்குக்குக் கீழே உருண்டது, பூனை மணந்து பார்த்துவிட்டுப் போனது. உப்பு சூட்டில் கரைந்து ஒரு பக்கம் மட்டும் கரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தொண்டை. வெறுங்கிழங்கு நடு நெஞ்சில் போய் நிற்கும். விக்கல் எடுத்தபோதுதான் கிழவர் விடியற்காலையில் பழச்சாராயம் இரண்டு மிடறு விடுவதன் நியாயம் எனக்கு விளங்கியது. இதைவிட நுட்பமான திரைப்பட ஆய்வு இந்த மாவட்டத்தில் நடந்திருக்காது.

மூன்றாவது கிழங்கில் நிற்கும்போது பக்கத்து வளவு அக்கா தேங்காய் கேட்டு வந்தார். வலதுகை கட்டுண்டு, இடதுகையால் தின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய விக்கிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து அவர் வேறு என்ன நினைப்பார்? தேங்காயையும் மறந்து திரும்பிப் போனார். பொழுதுபடுவதற்குள் எனக்குப் பாரிசவாதம் என்று பத்ரகாளி அம்மன் கோயிலடிவரை கதை போய்விட்டது. ஒருவர் வாழைப்பழச் சீப்பும் இன்னொருவர் நெஸ்டமோல்ட் டின்னும் கொண்டுவந்தார்கள். மறுத்தால் மனம் நோவார்கள். முகத்தைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொண்டு வாங்கினேன்.

ஆறு பக்கத்தில் நாலு பக்கம் கிழங்கு என்பது உண்மைதான்.

நாலாம் நாள் அவர்களுடைய கிணறு வற்றிப்போகிறது. பெட்டி படுக்கையைக் கைவண்டியில் ஏற்றி, மகள் முன்னால் நின்று இழுக்க, குதிரையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளிக்கிடுகிறார்கள். மேட்டில் ஏறி அந்தப்பக்கம் மறைகிறார்கள். கமரா அசையாமல் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே வண்டி, அதே குதிரை, திரும்பி வருகிறார்கள். ஏன் என்று ஒரு சொல் இல்லை. மனைவி கச்சானை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “இவ்வளவு கெதியா வந்திட்டாங்களே.”

எங்களுக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. மட்டக்களப்பு, கிளிவெட்டி, பட்டித்திடல் என்று போய்வந்தோம். தம்பி, இதையும் போடாதீங்க.

ஐந்தாம் நாள் விளக்குகள் அணைந்து திரை கரியாகிப் போனது. “கரண்ட் போயிட்டு” என்று மனைவி எழும்பினாள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. 500 மெகாவாட் அனல்மின் நிலையம் சம்பூரில் வருகிறது வருகிறது என்று பத்து வருஷம் சொல்லிவிட்டு 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைக் கொழும்பில் இருந்துகொண்டே காணொளியில் தொடக்கி வைத்தார்கள். இந்த ஊரில் திரை இருண்டால் அதைப் படிமம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

நேற்று தம்பியின் இரண்டாவது பதிவு வந்தது. கிழங்கு கூடிப்போச்சாம். குதிரை இருக்கட்டுமாம். வண்டி திரும்பி வருகிற இடத்தில் எங்கள் இடப்பெயர்வை வைத்து இரண்டு பக்கம் எழுதினால் அட்டையில் என் பெயர் வருமாம். படம் நல்லதா கெட்டதா என்று அவர் இன்னும் கேட்கவில்லை. நானும் அந்த ஆறு பக்கத்தில் அதை எழுதவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

பதில் போடவில்லை. கை சரியில்லை என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். நெஸ்டமோல்ட் டின்னைத் திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன். நேற்று இரவு மனைவி உடைத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு கோப்பை குடித்தோம்.